எந்த ஊர் வெயில் பெரிது?



வவுனியாவில் நடந்த சுயதொழில் பயிற்சியொன்றின் தேநீர் இடைவேளையில் ஒரு வாக்குவாதம். "எங்கட வெயில் போல வேற எங்கயும் இல்லை" என்றார் மன்னார் அக்கா. "ஆடி மாசம் மட்டக்களப்புக்கு வந்து பாருங்க" என்றார் இன்னொருவர். நுவரெலியாவில் பிறந்து வவுனியாவில் வாழும் ஓர் அம்மா, "எங்க ஊர்ல உடுப்பு காயவே ரெண்டு நாளாகும்" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

கடன் கொப்பியைத் திறந்தபோதுதான் சிரிப்பு நின்றது. கருவாட்டுத் தொழிலுக்குக் கொடுத்த கடனை எல்லா ஊர்ச் சகோதரிகளும் தை மாதத்திலிருந்து திருப்பிக் கட்ட வேண்டும் என்று அட்டவணை போட்டவள் நான். மன்னார் அக்கா ஒழுங்காகக் கட்டியிருந்தார். மட்டக்களப்புச் சகோதரியின் மீன் மழையில் புழுத்துப்போக, தோட்டை அடகு வைத்துக் கட்டியிருந்தார்.

இருவரின் உழைப்பிலும் குறைவில்லை. வெயில்தான் வேறு.

நமது நாட்டில் பகலின் நீளம் எல்லா ஊருக்கும் ஏறக்குறைய ஒன்றே. வித்தியாசத்தை உண்டாக்குவது முகில். வெயிலை அளக்க, வானிலை நிலையங்களில் ஒரு கண்ணாடி உருண்டை வைப்பார்கள். அதனூடாகக் குவியும் வெயில், அட்டையில் கோடாகச் சுடும். முகில் மறைத்தால் கோடு அறுந்துவிடும். சுட்ட கோட்டின் நீளத்தைக் கொண்டு அன்றைய வெயில் மணித்தியாலங்களைக் கணக்கிடுவார்கள்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று இரத்தினபுரி, நுவரெலியாப் பக்கம் முகிலைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி வறண்ட காற்றாகக் கிழக்கே இறங்குகிறது. அதுதான் மட்டக்களப்பின் கச்சான். அங்கே கருவாடு காயும் காலம் அது. கார்த்திகை, மார்கழியில் வடக்கு, கிழக்கு இரண்டிலும் மழை. தையில் மன்னாரில் பெரும்பாலும் ஓய்ந்துவிடும், மட்டக்களப்பில் ஓயாது. மன்னாருக்கு ஆண்டுக்குச் சுமார் 1,000 மில்லிமீற்றர் மழை. இரத்தினபுரிக்கோ 3,500க்கும் மேல். மன்னார், ஆனையிறவு, புத்தளம், அம்பாந்தோட்டை என்று உப்பு விளையும் இடங்களைப் பாருங்கள். வெயில் நிலைத்து நிற்கும் ஊர்களை உப்பே காட்டிக்கொடுக்கும்.

சமூகவியல் படித்த எனக்கு இதைச் சொல்லித் தந்தது அந்தத் தேநீர் வேளைதான். இப்போது எங்கள் குழுவில் மட்டக்களப்புக்குத் தவணை சித்திரைக்குப் பின்னரே தொடங்குகிறது.

சகோதரிகளே, உங்கள் வீட்டுக் கலண்டரில், மீனோ ஒடியலோ மிளகாயோ நன்றாகக் காய்ந்த நாட்களுக்கு ஒரு புள்ளி இடுங்கள். ஒரு வருடம் போனால் உங்கள் ஊர் வெயிலின் கணக்கு உங்கள் கையில் இருக்கும். அடுத்த கடன் படிவத்தில் கையெழுத்திடுமுன் அந்தக் கலண்டரை மேசையில் வைத்து, "எங்கட ஊரில் வெயில் இந்த மாதம்தான், தவணையும் அப்போதே தொடங்கட்டும்" என்று கேளுங்கள். அது சலுகையல்ல, நியாயம்.