சின்ன விசிறி, பெரிய உதவி



கைத்தொலைபேசியும் 'ரப்' எனப்படும் கைக்கணினியும் இன்று எங்களுக்குப் பேசுவதற்கு மட்டுமல்ல. தையல் ஓடர், கடன் கணக்கு, பிள்ளையின் பாடம் எல்லாம் அதற்குள்தான். காணாமற்போன பிள்ளையின் ஒரேயொரு படத்தை அதில் வைத்திருக்கும் தாய்மாரும் எங்களிடையே உண்டு. அது பழுதானால் இழப்பு காசோடு நிற்காது.

இந்தக் கருவிகளுக்கு முதல் எதிரி சூடு. வேலை நடக்கும்போது உள்ளே செல்லும் மின்சாரம் வெப்பமாக மாறுகிறது. பெரிய கணினியில் அதை வெளியேற்ற விசிறி இருக்கும். கையடக்கக் கருவிகளில் பெரும்பாலும் இல்லை. சூடு கூடினால் கருவி மந்தமாகும், பற்றறியின் ஆயுள் குறையும். 35 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பமான இடத்தில் தன் கைத்தொலைபேசிகளைப் பாவிக்க வேண்டாம் என்கிறது அப்பிள் நிறுவனம். சித்திரை வெயிலில் எங்கள் தகரக் கூரையின் கீழ் அந்த அளவு எளிதில் தாண்டும்.

நான் தையல் கணக்கு எழுதும் ரப்பின் பின்னால் 5 வோல்ற் சிறு விசிறி ஒன்றை வைத்திருக்கிறேன். யூ.எஸ்.பி. முனையோடு வருவதை வாங்கினால் வயர் வெட்டும் வேலை இல்லை. பழைய கணினியில் கழற்றிய விசிறி பெரும்பாலும் 12 வோல்ற். 5 வோல்ற்றில் சரியாகச் சுழலாது. ரப்பின் உறையைக் கழற்றி, அதிகம் சுடும் இடத்துக்கு நேரே, ஒரு விரல் இடைவெளி விட்டு விசிறியை நிறுத்துங்கள். மின்சாரத்தைப் பவர்பாங்கிலிருந்து கொடுங்கள். ரப்பைத் திறக்கவே வேண்டாம்.

"இதெல்லாம் எங்களுக்குச் சரிவருமோ" என்று பின்வாங்காதீர்கள். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில், பற்றறியும் மின்சாரமும் இல்லாமல், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட ஊர் இது. சுழற்றினால் மின்சாரம் தருவது டைனமோ. மின்சாரம் கொடுத்தால் சுழல்வது விசிறி. இரண்டுக்குள்ளும் இருப்பது காந்தமும் செப்புக்கம்பிச் சுருளும்தான்.

விசிறிக்கும் எல்லை உண்டு. அறைக் காற்றைவிடக் குளிராக அதனால் ஆக்க முடியாது. ஆகவே வெயிலிலும் அடுப்படியிலும் கருவியை வைக்காதீர்கள். சார்ஜ் ஏறும்போது பிள்ளைகள் விளையாட விடாதீர்கள். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைப்பதும் கூடாது, உள்ளே ஈரம் படியும்.

பின்மூடி எழும்பியிருந்தால் பற்றறி வீங்கிவிட்டது என்று பொருள். அமுக்கவோ குத்தவோ வேண்டாம்; தீப்பிடிக்கும். சார்ஜ் ஏற்றாமல் திருத்துபவரிடம் கொடுங்கள். அந்த நிலை வருமுன், இன்றைக்கே, முக்கியமான படங்களை வேறொரு மெமரி காட்டில் பிரதி எடுத்து வையுங்கள்.