மணம் எங்கே போயிற்று?

ரோஜாப் பூவைக் கையில் எடுத்ததும் எவரும் செய்யும் முதல் காரியம் என்ன? முகர்ந்து பார்ப்பது! ஆனால் கடையில் விற்கும் நீண்ட காம்பு ரோஜாவை முகர்ந்தால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். நிறம் இருக்கிறது. வடிவம் இருக்கிறது. மணம் மட்டும் இல்லை.

மணம் எங்கே போயிற்று?

1867-ம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டில் 'லா பிரான்ஸ்' என்ற ரோஜா உருவானது. அதற்கு முன்பே இருந்த இனங்களைப் 'பழைய ரோஜா' என்கிறார்கள். பிறகு வந்த இனங்கள் 'புது ரோஜா'.

லா பிரான்சுக்கும் மணம் உண்டு. புது ரோஜாக்களில் மணம் உள்ளவை வேறு சிலவும் இருக்கின்றன. ஆனால் பூ வியாபாரத்துக்கு வேண்டியது வேறு. தூர தேசம் போனாலும் பூ வாடக் கூடாது. ஜாடியில் பல நாள் நிற்க வேண்டும். அந்தக் குணம் உள்ள செடிகளையே தேர்ந்தெடுத்துப் பெருக்கினார்கள். மணத்தைக் கவனிப்பார் இல்லை. அது மெல்ல நழுவிவிட்டது!

தமிழ்நாட்டில் பழைய ரோஜா இன்னும் இருக்கிறது. பன்னீர் ரோஜாவின் மணம் யாருக்குத் தெரியாது? உதிரிப் பூவுக்காகப் பயிராகும் எட்வர்டு ரோஜாவும் பழைய இனமே. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவின் பழைய பெயர் போர்போன். அங்கே தோன்றிய இனத்தைச் சேர்ந்தது அது.

இதை வளர்ப்பது எளிது. பென்சில் பருமனில், ஒரு சாண் நீளத்தில் முற்றிய குச்சி ஒன்று போதும். மழைக் காலத்தில் சாய்வாக நட்டால் வேர் பிடிக்கும். செடிக்கு நல்ல வெயில் வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது.

கடையில் வாங்கும் புது ரோஜா பெரும்பாலும் ஒட்டுச் செடி. வேறொரு ரோஜாவின் வேரில் ஒட்டியது. மேல்பகுதி பட்டுப்போனால், அந்த வேர்ச் செடிதான் துளிர்க்கும். குச்சி நட்டு வளர்த்ததோ சொந்த வேரில் நிற்பது. துளிர்த்தால் அதே பூவைக் கொடுக்கும்.

பழைய ரோஜாவிலும் ஒரு குறை உண்டு. ஓரிரு நாளில் உதிர்ந்துவிடும். ஆனால் உதிர்ந்தாலும் வீணில்லை. பூச்சி மருந்து அடிக்காத செடியானால், இதழோடு சர்க்கரை சேர்த்து வெயிலில் வைத்துக் குல்கந்து செய்யலாம்.

இந்தச் செல்வத்தைக் காப்பாற்றப் பணம் வேண்டாம். அடுத்த வீட்டார் கேட்டால் ஒரு குச்சி ஒடித்துக் கொடுக்கும் மனம் இருந்தால் போதும். அதுவும் இல்லாவிட்டால், நாளைய குழந்தைகள் ரோஜாவை முகர்ந்து பார்க்கவே மறந்துவிடுவார்கள்!