சாவி யார் மடியில்?

ஜெலுத்தோங் என்பது பால் வடியும் ஒரு மரத்தின் பெயர். பால்மரத்தை விட்டு வந்த நம் பிள்ளைகள் இன்று அவ்வட்டாரப் பட்டறைகளில் பம்புக்குக் குழாய் பூட்டுகிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

குழாய் தானாகவே பம்பின் வாய்க்கு நேராக வந்து நிற்கவேண்டும். அதன் பாரத்தைத் தாங்குகால் சுமக்கவேண்டும். கோணலாக நிற்பதைப் போல்ட்டுப் போட்டு இழுத்துப் பொருத்தினால் பம்பு முறுகும், பேரிங் தேயும், ஒருநாள் மூட்டு கசியும். உள்ளே ஓடுவது தண்ணீரானால் நனைவோம், அமோனியாவானால்?

தொழிலாளி இதை அறியாதவனல்லன். "சீக்கிரம் முடி" என்ற அதட்டலே அவன் கையைக் கெடுக்கிறது.

பூட்டுவது மட்டும் போதாது, சொல்லியும் வைக்கவேண்டும். 1988 ஜூலை 6இல், வடகடலின் பைப்பர் ஆல்பா எண்ணெய் மேடையில், ஒரு பம்புக் குழாயின் பாதுகாப்பு வால்வைப் பழுதுபார்க்கக் கழற்றி, அவ்விடத்தைத் தகட்டால் மூடியிருந்தார்கள். அடுத்த ஷிப்டுக்குச் செய்தி எட்டவில்லை. பம்பை ஓட்டினார்கள், தகட்டோரம் கசிந்து வெடித்தது. மாண்டவர் 167 பேர். கிராணி வேலை பார்க்கும் நமக்கு இது உறைக்கிறது: ஒரு காகிதம் கைமாறாத குற்றம் அது!

ஆகவே நாம் கேட்கிறோம்: வேலை செய்பவனே சுவிட்சையும் வால்வையும் பூட்டி, சாவியைத் தன் மடியில் வைத்திருக்கட்டும். ஷிப்டு மாறினால் எழுத்தில் ஒப்படைக்கட்டும். கண்ணெதிரே ஆபத்து நின்று, முதலாளி அதைக் களையாவிட்டால், விலகிநிற்கும் உரிமையை 2024 ஜூன் 1 முதல் நம் நாட்டுச் சட்டமே தந்திருக்கிறது. தனியே கேட்டால் அதட்டுவார்கள், சங்கமாய்க் கேட்போம்!