முகப்போவியமும் அச்சச்சுவையும்

நூலுக்கு அட்டை எத்தகையதோ, கணினி விளையாட்டுக்குக் கடை முகப்போவியம் அத்தகையது. பெருநிறுவனத்தார்க்கு விளம்பரப் பறை உண்டு. ஓரிருவராய்க் கூடி, ஆண்டுக்கணக்கில் உழைத்து, அச்சந்தரும் விளையாட்டொன்றை ஆக்குவோர்க்கோ அவ்வோவியமே தூது.

இளைஞர் சிலர் தாம் வரைந்ததொன்றை எம்மிடங் காட்டினர். மண்டையோடு, குருதி, கத்தி, பேய்முகம் யாவும் ஒருங்கே நெருங்கிக் கிடந்தன. பெரிதாக நோக்கின் அருவருப்பு. கடைப் பட்டியலிற் பெருவிரலளவாய்ச் சுருங்கின் வெறுஞ் சேறு. அச்சம் யாண்டும் இல்லை.

டென்மார்க்கின் பிளேடெட் குழுவினர் 2010இல் வெளியிட்ட 'லிம்போ'வை நோக்குக. மூடுபனி சூழ்ந்த கரிய காடு. நிழலுருவாய் ஒரு சிறுவன். ஒளிரும் இரு வெண்புள்ளிகளே அவன் கண்கள். குருதி ஒரு துளியுமில்லை. எத்துணை சுருக்கினும் அப்புள்ளிகள் நம்மை விட்டகலா. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பர். இருளை ஓவியன் தரட்டும். பேயைக் காண்போனே படைத்துக்கொள்வான்.

பெயரெழுத்துக்கும் இது பொருந்தும். குருதி சொட்ட வரைந்த எழுத்து வாசிக்கப்படாவிடின் பயன் என்னை? 'ஸ்டீம்' என்னும் இணையக்கடை, முகப்போவியத்தில் விருதுப்பெயரும் பாராட்டுரையும் பொறித்தலை 2022 செப்டெம்பர் தொட்டு விலக்கியுள்ளது. ஓவியமும் பெயருமே இனிப் பேசவேண்டும். இது நன்றே.

எனினும், உள்ளே இல்லாத அச்சத்தை முகப்பிற் காட்டுதல் பொய்ச்சான்றாகும். ஒருமுறை ஏமாந்தவன் மீள வாரான். ஆதலின் இளைஞர்க்கு யாம் கூறியது இதுவே: உங்கள் விளையாட்டின் உயிரான அச்சம் யாதெனத் தெளிக, அதனை மட்டும் நிறுத்தி, ஏனையவற்றை அழித்துவிடுக.