சுவருக்குள் இன்னொரு குழாய்

வீடு கட்டுகிறவர்கள் சுவர் பூசுமுன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, விளக்குக்கு இங்கே, மின்விசிறிக்கு அங்கே என்று குழாய் பதிக்கச் சொல்லுகிறார்கள். அதோடு கம்ப்யூட்டர் கம்பிக்கென்று இன்னொரு குழாயும் பதிப்பது இப்போது அவசியமாகிவிட்டது.

2020இல் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்தபோது, செல்போனில் பாடம் கேட்கப் பிள்ளைகள் மொட்டை மாடிக்கும் மேட்டுக்கும் ஓடியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தர்மபுரி ஜில்லாவைப் போன்ற மலையும் காடும் சூழ்ந்த பகுதிகளில் இந்தத் தொல்லை அதிகம். வீட்டுக்கு இணைய லைன் வந்துவிட்டாலும் தொல்லை முழுதும் தீராது. கூடத்துப் பெட்டியிலிருந்து கிளம்பும் வைஃபை அலை இரண்டு சுவர் தாண்டுவதற்குள் மெலிந்துபோகிறது. ஒரு பிள்ளைக்குப் பாடம், இன்னொரு பிள்ளைக்குப் பரீட்சை விண்ணப்பம் என்றால் வீட்டில் சண்டைதான்! செல்போனுக்குத் தனித்தனியாக டேட்டா வாங்கிப் பணம் கரைகிறது.

கம்பிக்கு இந்தச் சங்கடம் கிடையாது. 1973இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் மெட்காஃப், போக்ஸ் என்பவர்கள் உருவாக்கிய ‘ஈதர்நெட்’ முறைதான் இது. ‘கேட்-5இ’ என்ற கம்பிக்குள் எட்டு இழைகள், நான்கு ஜோடியாக முறுக்கியிருக்கும். முறுக்கு அழகுக்காக அல்ல. வெளி மின்சாரத்தின் இரைச்சலை அது தடுக்கிறது. 100 மீட்டர் வரை வினாடிக்கு 1,000 மெகாபிட் செல்லும். அவ்வளவு நீளமான வீட்டை யார் கட்டப்போகிறார்கள்? லைன் வரும் ரௌட்டர் பெட்டியிலிருந்து அறைக்கு ஒரு கம்பி. துளைகள் போதாவிட்டால் நடுவில் ஒரு சிறிய ‘ஸ்விட்ச்’ பெட்டி. இணையம் நின்றுபோன நாளிலும் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் ஒரே பிரிண்டரைப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

கடையில் மலிவென்று செம்பு பூசிய அலுமினியக் கம்பியைத் தள்ளிவிடுவார்கள். முழுச் செம்பாகக் கேட்டு வாங்கவேண்டும். மின்சாரக் கம்பி போகும் குழாயிலேயே இதையும் திணிக்கக் கூடாது. வீட்டிலிருந்து மாட்டுக்கொட்டகைக்கு வெட்டவெளியில் இழுப்பதும் ஆபத்து. இடி மின்னல் கம்பியை விசாரித்துவிட்டு வராது.

கிராமப் பஞ்சாயத்துகள் தோறும் கண்ணாடி இழைக் கம்பி கொண்டுசெல்லும் திட்டத்தை மத்திய சர்க்கார் 2011இல் அங்கீகரித்தது. அந்தக் கம்பி பஞ்சாயத்து ஆபீஸ் வாசலோடு நின்றுவிட்டால் குடிசைவாசிக்கு என்ன லாபம்? குடிசைகளுக்குப் பதிலாக, ஒவ்வொன்றும் 3.50 லட்சம் ரூபாய் செலவில் 360 சதுர அடி வீடுகள் கட்டும் ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தை ராஜ்ய சர்க்கார் 2024இல் அறிவித்தது. இத்தகைய வீடுகளின் வரைபடத்தில் ஒரே ஒரு குழாயைச் சேர்க்க அதிகாரிகள் உத்தரவிட்டால் போதும். பின்னால் சுவரை உடைத்துப் பூசும் கூலியைவிட இந்தக் குழாயின் விலை மிகச் சொற்பம்.

இப்போதே கம்பி வாங்கப் பணமில்லாதவர்கள், குழாய்க்குள் ஒரு நைலான் கயிற்றை மட்டும் விட்டு இரு முனையையும் முடிந்து வைக்கலாம். கம்பி வாங்கும் நாளில் அந்தக் கயிற்றிலேயே கட்டி இழுத்துக்கொள்ளலாம்.