யாருடைய குடும்பத்துக்கு இந்த நிழல்?

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளில் வீட்டு விளம்பரப் பக்கம் என்று ஒன்று வருகிறது. அடையாறு, பெசன்ட் நகர், கோட்டூர்புரம், அண்ணா நகர் என்று பேட்டை பேட்டையாகப் புகழ் பாடும் பக்கம் அது. மரங்கள் அடர்ந்த தெருக்களாம். காலையில் பறவைகளின் ஓசை கேட்குமாம். குழந்தைகள் விளையாடப் பூங்கா உண்டாம். கடைசியில் ஒரு வரி: குடும்பத்தினருக்கு மட்டும்!

நல்லது. மரத்தின் மீதோ பறவையின் மீதோ நமக்கு விரோதம் கிடையாது. குழந்தைகள் பூங்காவில் விளையாடக் கூடாதென்று எந்தப் பாட்டாளியும் சொல்லமாட்டான். நாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கடைசி வரியில் வருகிறதே குடும்பம், அது யாருடைய குடும்பம்?

அதே வீடுகளில் காலை ஆறு மணிக்குப் பாத்திரம் துலக்க வருகிற பெண்ணுக்குக் குடும்பம் இல்லையா? இரவெல்லாம் வாசலில் நாற்காலி போட்டு விழித்திருக்கும் காவல்காரருக்குப் பிள்ளை குட்டிகள் இல்லையா? தெருமுனையில் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி இஸ்திரி போடுகிறவர், அந்த மரங்கள் உதிர்க்கும் இலையை விடியுமுன் கூட்டி அள்ளுகிற துப்புரவுத் தொழிலாளி, இவர்களெல்லாம் வானத்திலிருந்தா குதித்தார்கள்? இவர்களும் குடும்பஸ்தர்களே. ஆனால் அந்தத் தெருவில் ஒரு அறைகூட இவர்களுக்குக் கிடைக்காது. நிழலைப் பராமரிக்கிறவன் நிழலில் குடியிருக்க லாயக்கில்லாதவன் என்பதுதான் இந்த விளம்பரத்தின் உட்பொருள்.

பாட்டாளியை விடுங்கள். மத்தியதர வர்க்கத்தின் கதி என்ன? பள்ளி ஆசிரியர், பாங்கி குமாஸ்தா, ஆஸ்பத்திரி நர்ஸ், கம்ப்யூட்டர் கம்பெனியில் இரவும் பகலும் உழைக்கும் வாலிபர்கள் ஆகியோர் கையில் சம்பளச் சீட்டை வைத்துக்கொண்டு டு லெட் பலகை தேடி அலைகிறார்கள். வாடகை 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அட்வான்ஸ் பத்து மாதம். அதாவது இரண்டரை லட்சம் ரூபாயை வட்டியில்லாமல் வீட்டுச் சொந்தக்காரரிடம் எண்ணி வைக்க வேண்டும். சென்னையில் இது எழுதாத சட்டம். கையில் இல்லாதவர் என்ன செய்வார்? மனைவியின் நகையை அடகு வைப்பார். நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி என்றால் மாதம் 2,500. ஆக ரசீதில் 25,000, உண்மையில் 27,500. ரசீது கொடுத்தால்தான் அந்தக் கணக்கும்!

இத்துடன் முடிந்ததா? தரகருக்கு ஒரு மாத வாடகை. காலி செய்யும்போது வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை பிடித்தம். சுவரில் ஆணி அடித்ததற்கு ஒரு தொகை. மின்சாரத்துக்குத் தனியாக ஒரு சப்‑மீட்டரை மாட்டி, வாரியம் வாங்கும் கட்டணத்துக்கு மேலே தன் இஷ்டப்படி யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிற சொந்தக்காரர்கள் ஏராளம். சர்க்கார் மக்களுக்கென்று முதல் 100 யூனிட் மின்சாரத்தை இலவசமாக அறிவித்தது 2016இல். அந்தச் சலுகை எத்தனை குடக்கூலிக்காரர்களின் வீட்டுப் படியேறியது? மாடியிலேயே தங்கிவிட்டது.

பணம் இருந்தால் மட்டும் கதவு திறந்துவிடுமா என்றால் அதுவும் இல்லை. முதல் கேள்வி: சைவம்தானே? இரண்டாவது கேள்வி: சொந்த ஊர் எது, எந்தத் தெரு? ஜாதியை நேராகக் கேட்க வெட்கம், ஆகவே தெருவைக் கேட்கிறார்கள். பெயரைக் கேட்டவுடன், "வீடு நேற்றே பேசியாகிவிட்டதே" என்று சொல்லி அனுப்பப்பட்ட முஸ்லிம் குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். தனியாக வேலை பார்க்கும் பெண் என்றால் வருகிறவர் யார், போகிறவர் யார், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று போலீஸ் விசாரணை. அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. டு லெட் பலகைக்குப் பின்னால் அது வாடகைக்குக் குடியிருக்கிறது. "குடும்பத்தினருக்கு மட்டும்" என்ற இரண்டு சொற்களுக்குள் இத்தனையும் அடக்கம்.

சரி, இந்தச் சோலைகளை உண்டாக்கியது யார்? விளம்பரக்காரர்களின் பாட்டைக் கேட்டால் ஏதோ இயற்கை தானாகவே மனமிரங்கி அடையாற்றுக்கும் அண்ணா நகருக்கும் மட்டும் மரம் நட்டுவிட்டதாகத் தோன்றும். சரித்திரம் வேறு சொல்கிறது. 1920இல் வந்த நகரமைப்புச் சட்டத்துக்குப் பின் மாம்பலம் ஏரியை மேடாக்கித்தான் தியாகராய நகர் எழுந்தது. அண்ணா நகர் இருக்கும் இடம் நடுவக்கரை என்ற கிராமம். அங்கே 1968இல் வர்த்தகப் பொருட்காட்சி நடந்தது. பூங்காக் கோபுரம் அன்று எழுந்ததே. பிறகு வீட்டு வசதி வாரியம் அகலமான சாலைகளும் பூங்காக்களும் பள்ளி மனைகளும் ஒதுக்கி நகரை அமைத்தது. பெசன்ட் நகரும் அதே வாரியம் அமைத்ததுதான். அதற்கு வெகு காலம் முன்பே அந்தக் கரையில் ஊரூர் குப்பமும் ஆல்காட் குப்பமும் இருந்தன. மீனவ மக்கள் வலை உலர்த்திய கரையைத்தான் இன்று காற்று வாங்கும் கடற்கரை என்று சொல்லி வாடகையில் கூட்டி வைக்கிறார்கள்.

கிராமத்தானின் நிலம், பொது கஜானாவின் பணம், மாநகராட்சியின் தண்ணீர்க் குழாய், மாநகராட்சித் தொழிலாளி ஊற்றி வளர்த்த மரம் இவை எல்லாம் சேர்ந்துதான் அந்தத் தெருவுக்கு மதிப்பைக் கொடுத்தன. அந்த மதிப்பு மட்டும் மாதாமாதம் தனியார் பைக்குப் போகிறது! மரத்துக்கு வாடகை வாங்குகிறார்களே, அந்த மரத்தை நட்டவர்களா இவர்கள்?

நட்டவர்கள் இல்லாததால்தான் வெட்டவும் கூசுவதில்லை. 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது, அது இயற்கையின் சீற்றம். ஆனால் பழைய இரண்டு மாடி வீட்டை இடித்து, பில்டருடன் பங்கு போட்டு அடுக்குமாடி எழுப்பும்போது காம்பவுண்டில் நின்ற மாவும் தென்னையும் எங்கே போகின்றன? கீழே கார் நிறுத்த இடம் வேண்டுமே! 2019இல் வந்த கட்டிட விதிகள் தளப்பரப்பு விகிதத்தை ஒன்றரையிலிருந்து இரண்டாக உயர்த்தின. ஒரே மனையில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கட்டலாம். அந்தக் கூடுதலில் உழைப்பாளிக்கு ஒரு வீடு என்று விதியில் ஒரு கண்டிப்பு வைத்திருந்தால் கோட்டையின் தலையா போய்விடும்? பழைய வீட்டில் இருபது வருஷம் குடியிருந்தவர் வெளியே. புதிய வீட்டுக்கு வருகிறவர் இரட்டை வாடகை. மரம் போய்விட்டது, விளம்பரத்தில் மட்டும் நிற்கிறது.

இனி சட்டத்தின் கதை. யுத்த காலத்தில் வாடகை விஷமாக ஏறிய அனுபவத்திலிருந்து சென்னை ராஜதானியில் 1946இலும் 1949இலும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்தன. அதன் பிறகு 1960இன் சட்டம். அதில் ஓட்டைகள் நிறைய உண்டு. ஆனாலும் ஒரு நல்ல சொல் அதில் இருந்தது: நியாய வாடகை. வாடகை மிதமிஞ்சியது என்று தோன்றினால் குடக்கூலிக்காரர் கண்ட்ரோலரிடம் போகலாம். கட்டிடத்தின் மதிப்பைக் கணக்கிட்டு அவர் வாடகையை நிர்ணயிப்பார். மாதம் 400 ரூபாய்க்கு மேல் வாடகை தருகிற குடியிருப்புகளுக்குப் பாதுகாப்பே கிடையாது என்று அதே சட்டத்தில் இருந்த பிரிவைச் சுப்ரீம் கோர்ட் 1986இல் செல்லாது என்று தள்ளியது.

அந்தச் சட்டம் இன்று இல்லை. 2017இல் நிறைவேற்றி 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்குக் கொண்டுவந்த புதிய சட்டம் அதைக் குழிதோண்டிப் புதைத்துவிட்டது. புதிய சட்டத்தின் பெயர் அழகானது; சொந்தக்காரர்களின், வாடகைதாரர்களின் உரிமைகளும் பொறுப்புகளும் பற்றிய சட்டமாம். உள்ளே பார்த்தால், வாடகை என்பது இரு தரப்பும் எதற்குச் சம்மதிக்கிறார்களோ அது. நியாய வாடகை என்ற சொல்லே மறைந்தது. பூனையும் எலியும் உட்கார்ந்து பேசிச் சம்மதத்துக்கு வரட்டும் என்று சர்க்கார் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விட்டது.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்றும் அந்தச் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. மந்திரிகள் இதைப் பெருமையாகச் சொன்னார்கள். அந்த வரியின் தலைப்பிலேயே, வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய என்று ஒரு வால் ஒட்டியிருக்கிறது. பத்து மாதம் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் தீர்ந்தது! சட்டம் எழுதியவருக்கும் வீட்டுச் சொந்தக்காரருக்கும் அவ்வளவு ஒத்த சிந்தனை. மத்திய சர்க்கார் 2021 ஜூனில் ஒப்புதல் கொடுத்த மாதிரிச் சட்டமும் இதே வழிதான். அட்வான்ஸ் இரண்டு மாதம் என்று இனிப்புக் காட்டுகிறது. காலக்கெடு முடிந்து வீட்டைக் காலி செய்யாதவர் முதல் இரண்டு மாதம் இரட்டை வாடகையும் அதற்கு மேல் நான்கு மடங்கும் கொடுக்க வேண்டும் என்று சாட்டையையும் காட்டுகிறது. பிள்ளையின் பரீட்சை முடியட்டும் என்று ஒரு மாதம் கூட இருந்தால் அதற்கு இந்தத் தண்டனை.

இங்கே சிலர் குறுக்கிட்டுச் சொல்வார்கள்: "எல்லா வீட்டுச் சொந்தக்காரர்களும் கோடீஸ்வரர்களா? பென்ஷன் இல்லாத கிழவர், ஒரு போர்ஷனை வாடகைக்கு விட்டு மருந்து வாங்குகிறவர், அவரையுமா கொள்ளைக்காரர் என்கிறீர்கள்?" இல்லை. அவரை நாம் அப்படிச் சொல்லவில்லை. கண்ட்ரோலர் நியாய வாடகை நிர்ணயித்தால் அவருக்கு மருந்து நின்றுவிடாது. வீட்டு வரியில் சலுகை கேட்டால் அவருக்காக நாமும் கேட்போம். ஆனால் அந்தக் கிழவரை முன்னால் நிறுத்திவிட்டு, பத்து ஃபிளாட்டுகளைப் பூட்டி வைத்து விலை ஏறக் காத்திருப்பவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து கொள்கிறார்களே, அந்தப் பம்மாத்தைத்தான் அம்பலப்படுத்துகிறோம்.

இன்னொரு வாதம், வாடகையைக் கட்டுப்படுத்தினால் யாரும் வீடு கட்ட மாட்டார்கள் என்பது. பழைய 1960ஆம் வருஷச் சட்டமே புதிதாகக் கட்டிய கட்டிடங்களுக்கு 5 வருஷம் விலக்கு கொடுத்திருந்தது. அப்படியிருந்தும் இந்தப் பல்லவி ஓயவில்லை. சரி, கட்டுப்பாடு ஒழிந்துவிட்டதே, வாடகை இறங்கிற்றா?

உழைப்பாளி மக்களுக்கு வீடு கட்டத்தான் செய்தார்கள். எங்கே? 2000 வாக்கில் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர், 15 ஆயிரத்துக்கு மேல் வீடுகள். அடுத்துச் செம்மஞ்சேரி, 6 ஆயிரத்துக்கு மேல். அதன் பிறகு பெரும்பாக்கம், எட்டு மாடிப் பெட்டிகளில் 20 ஆயிரத்துக்கு மேல். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரையில் இருந்த குடும்பங்களைச் சாமான் சட்டியோடு லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் அங்கே இறக்கினார்கள். நதியைச் சுத்தம் செய்கிறார்களாம்! ஆற்றங்கரையில் பூங்கா வந்தது, நடைபாதை வந்தது, அக்கம்பக்கத்து மனைகளின் விலை ஏறிற்று. பெரும்பாக்கத்திலிருந்து அடையாறு வீட்டு வேலைக்கு வரும் பெண் 15 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் நிற்கிறாள். இரண்டு வீட்டு வேலை செய்தவள் பிரயாணத்தில் ஒரு வீட்டை இழக்கிறாள். பிள்ளை பள்ளி மாறுகிறது, பல பிள்ளைகள் பள்ளியே நிற்கிறது.

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் கோர்ட் உத்தரவு என்று சொல்லிப் பக்கிங்ஹாம் கால்வாய்க்கரை வீடுகளை இடித்தபோது, அங்கேயே வாழ்ந்து மூப்பெய்திய ஒருவர் தம் உடலில் தீயிட்டுக்கொண்டு உயிரை விட்டார். அந்த உயிர் போன பிறகுதான், மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பக்கத்திலேயே அவர்களுக்கு வீடு தரலாம் என்ற யோசனை சர்க்காருக்கு வந்தது. பக்கத்தில் இடம் இருக்கிறது என்பது முதல் நாள் தெரியாதா?

1872இல் எங்கெல்ஸ் வீட்டுப் பிரச்சினை பற்றி எழுதிய கட்டுரைகளில் முதலாளிகளின் இந்த வித்தையைத் தோலுரித்துக் காட்டினார். சேரியை அவர்கள் ஒழிப்பதில்லை, இன்னோர் இடத்துக்குத் தள்ளி வைக்கிறார்கள் என்றார். பாரிஸையும் மான்செஸ்டரையும் பார்த்து அவர் சொன்னது அடையாற்றுக்கும் பெரும்பாக்கத்துக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டையாகப் பொருந்துகிறது.

வேறு வழியே இல்லையா? உண்டு. நடந்தும் இருக்கிறது. 1915இல் கிளாஸ்கோ நகரின் தொழிலாளிப் பெண்கள், மேரி பார்பர் முன்னணியில் நிற்க, உயர்த்திய வாடகையைக் கொடுக்க மறுத்தார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சேர்ந்தன. அவ்வருஷ முடிவுக்குள் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. வியன்னா நகரசபை 1923 முதல் வீட்டு வரியைப் பணக்காரர்கள் மேல் படிப்படியாக ஏற்றி விதித்தது. அந்தப் பணத்தில் 1934க்குள் 60 ஆயிரத்துக்கு மேல் வீடுகள் கட்டியது. அவற்றில் ஒன்றுதான் 1930இல் திறந்த கார்ல் மார்க்ஸ் மாளிகை. அங்கே நிலத்தின் பெரும்பகுதியில் கட்டிடம் கிடையாது. தோட்டமும் மரமும் முற்றமும்தான். குழந்தைகள் பள்ளி, சலவைக் கூடம், நூலகம் அனைத்தும் உள்ளேயே. குடியிருந்தவர்கள் தொழிலாளிகள்! 1934 பிப்ரவரியில் பாசிஸ்டுகள் அதன் மீது பீரங்கி வைத்துச் சுட்டார்கள் என்பதிலிருந்தே அது யாருக்கு உறுத்தியது என்று தெரியும். ஆனால் கட்டிடம் நிற்கிறது. இன்றும் வியன்னா நகரசபையிடம் சுமார் 2 லட்சத்து 20 ஆயிரம் வாடகை வீடுகள் இருக்கின்றன.

ஆகவே மரமும் பூங்காவும் பணக்காரனின் ஜாதகத்தில் மட்டும் எழுதப்பட்டதல்ல. சென்னைப் பட்டணத்தில் வீட்டு வசதி வாரியத்துக்கும் மாநகராட்சிக்கும் நகரத்தின் நடுவில் நிலம் இருக்கிறது. இடிந்து விழும் நிலையில் உள்ள பழைய வாரியக் குடியிருப்புகளை பில்டர்களோடு பங்கு போடும் திட்டங்களை நிறுத்திவிட்டு, அங்கேயே வாடகை வீடுகளைச் சர்க்கார் கட்டட்டும். அதில் ஒரு பங்கை அந்தப் பேட்டையில் வேலை செய்கிற வீட்டு வேலைப் பெண்களுக்கும் துப்புரவுத் தொழிலாளிகளுக்கும் ஒதுக்கட்டும். 2017ஆம் வருஷச் சட்டத்தில் நியாய வாடகைப் பிரிவு திரும்ப வரட்டும். "வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய" என்ற அந்த வாலை வெட்டி எறியட்டும். ஜாதி, மதம், சாப்பாடு பார்த்து வீடு மறுப்பதைக் குற்றமாக்கட்டும்.

குடக்கூலிக்காரர்கள் தெருவுக்குத் தெரு சங்கம் அமைக்க வேண்டும். வாடகைக்கு ரசீது, அட்வான்சுக்கு எழுத்து, ஒப்பந்தத்துக்குப் பதிவு ஆகிய மூன்றையும் ஒருவர் தனியாகக் கேட்டால் மறுநாள் காலி செய்யச் சொல்வார்கள். ஒரு கட்டிடத்தின் எல்லா போர்ஷன்காரர்களும் சேர்ந்து கேட்டால் சொல்ல முடியாது. மாடி வீட்டு ஆசிரியரும் அவர் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணும் ஒரே சங்கத்தின் சந்தாச் சீட்டில் கையெழுத்துப் போடட்டும். இருவருடைய சம்பளத்தையும் தின்பது ஒரே வாடகைதான்.