திறக்கப்படாத புட்டிகள்

ஸ்காட்ச் விஸ்கி புட்டிக்குள் போன நாளோடு அதன் வயது நின்றுவிடுகிறது. ஒயினைப் போல அது புட்டிக்குள் முதிர்வதில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் ஓக் பீப்பாயில் கிடந்து 1975இல் அடைக்கப்பட்ட விஸ்கி இன்றும் பன்னிரண்டு வயது விஸ்கிதான். இந்த எளிய உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டு பார்த்தால்தான் புட்டி சேகரிப்பவர்களின் உலகம் எத்தனை விசித்திரமானது என்பது புலப்படும். அலமாரியில் காத்திருப்பதால் உள்ளே இருக்கும் திரவத்துக்கு எந்த நன்மையும் இல்லை. உயர்வது விலை மட்டுமே.

2023 நவம்பரில் லண்டனில் நடந்த சாத்தபீஸ் ஏலத்தில் மெக்காலன் 1926 புட்டி ஒன்று 21 லட்சம் பவுண்டுக்கும் அதிகமாக விலைபோனது. அறுபது ஆண்டுகள் பீப்பாயில் இருந்து 1986இல் அடைக்கப்பட்ட நாற்பது புட்டிகளில் அதுவும் ஒன்று. அதன் முகப்புச்சீட்டை வரைந்தவர் இத்தாலிய ஓவியர் வலேரியோ அதாமி. செய்தியைப் படித்தபோது நமக்குள் எழுந்த முதல் கேள்வி, இதை வாங்கியவர் என்றாவது குடிப்பாரா என்பதுதான். குடிக்கமாட்டார் என்றே தோன்றுகிறது. குடித்தால் இருபது லட்சம் பவுண்டு ஓர் இரவில் காலிக் கண்ணாடியாகிவிடும்.

சேகரிப்பின் இன்னொரு முகம் மதிப்பெண். விஸ்கிக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் இடும் வழக்கத்தைப் பரவலாக்கியவர்களில் முதன்மையானவர் பிரிட்டிஷ் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் (பாடகர் அல்ல, 2007இல் மறைந்த, மதுவைப் பற்றி எழுதிய இன்னொரு ஜாக்சன்). 1989இல் வெளிவந்த அவருடைய மால்ட் விஸ்கி கையேடு ஒரு தலைமுறைக்கே வழிகாட்டியாக இருந்தது. அவருக்குப் பின் வந்த ஜிம் மர்ரே மணம், சுவை, பின்சுவை, சமநிலை என நான்காகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 25 என்று கணக்கிட்டார். அவருடைய 2015ஆம் ஆண்டுப் பதிப்பு, யமசாகி ஷெர்ரி காஸ்க் 2013 என்ற ஜப்பானிய விஸ்கிக்கு 97.5 கொடுத்து உலகின் சிறந்த விஸ்கி என அறிவித்தது. அதன்பின் அந்தப் புட்டி கடைகளில் காணாமல் போயிற்று. ஏலங்களில் அதன் விலை பன்மடங்கானது. மதிப்பெண்ணைப் படித்து வாங்கியவர்களில் எத்தனைபேர் அதன் மூடியைத் திறந்திருப்பார்கள் என்பது நம் சந்தேகம். ஒருவர் குடித்து எழுதினார், அவர் எழுதியதாலேயே மற்றவர்கள் குடிக்காமல் வைத்திருக்கிறார்கள். விமர்சனத்தின் நோக்கத்துக்கு இதைவிடக் கொடிய முடிவு இருக்க முடியுமா?

மதிப்பெண்ணை நாம் முற்றாக மறுப்பவர்களும் அல்ல. நூறு புட்டிகளைச் சுவைத்தவருக்கு அது ஒரு நினைவுக்குறிப்பு. ஆனால் நூறு என்ற அளவுகோலில் எழுபதுக்குக் கீழே ஏறக்குறைய யாரும் இறங்குவதே இல்லை. எல்லாம் எண்பதுக்கும் தொண்ணூற்றைந்துக்கும் இடையில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. 89க்கும் 90க்கும் இடையே நாக்கால் உணரக்கூடிய வேறுபாடு எதுவும் இல்லை. ஆனால் சந்தையில் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்கள் நால்வர் கூடியிருந்த ஒரு மழை இரவில் இதைச் சோதித்துப் பார்த்தோம். எண்ணிட்ட ஐந்து குவளைகள். ஊற்றியவருக்கு மட்டுமே எதில் என்ன என்று தெரியும். இரண்டாவதிலும் ஐந்தாவதிலும் அவர் ஊற்றியிருந்தது ஒரே விஸ்கி: லகவுலின் 16. எங்களில் மிகுந்த அனுபவசாலி என்று நாங்கள் கருதியவர் இரண்டாவதற்கு 91 இட்டார், ஐந்தாவதற்கு 82. ஐந்தாவதில் ‘ஆழம் போதவில்லை’ என்று குறிப்பும் எழுதினார். நாங்கள் சிரித்தோம், அவர் சிரிக்கவில்லை. உண்மையில் அவர்மீது தவறில்லை. நான்காவது குவளையில் இருந்தது அதைவிடப் புகைமணம் கூடிய விஸ்கி. அதன் பின்னால் எது வந்திருந்தாலும் மெலிந்துதான் தோன்றியிருக்கும். சுவை என்பது புட்டிக்குள் மட்டும் இருப்பதன்று.

புட்டிகளின் புகழைப் பற்றிப் பேசும்போது போர்ட் எல்லனைச் சொல்லாமல் விட முடியாது. ஸ்காட்லாந்தின் மேற்கே உள்ள ஐலா தீவில் 1825இல் தொடங்கப்பட்ட வடிசாலை அது. எழுபதுகளில் தேவைக்கு மிஞ்சி வடித்துக் குவித்த விஸ்கி கிடங்குகளில் தேங்கிப்போக, 1983இல் மூடப்பட்ட பல வடிசாலைகளில் அதுவும் ஒன்று. மூடியபோது பெரிதாக யாரும் துக்கம் காத்ததாகத் தெரியவில்லை. அதன் விஸ்கி பெரும்பாலும் பெயரற்று, பிற விஸ்கிகளோடு கலந்து விற்கப்படவே பயன்பட்டு வந்தது. பிறகு எஞ்சிய பீப்பாய்களிலிருந்து 2001 முதல் ஆண்டுதோறும் சிறிய அளவில் புட்டிகளை வெளியிட்டார்கள். முதல் வெளியீட்டின் விலை நூறு பவுண்டை ஒட்டி இருந்தது. பதினேழு ஆண்டுகளில் ஆயிரங்களைத் தாண்டியது. உயிரோடிருந்தபோது ஒரு பிரதியும் விற்காத கவிஞனுக்கு மறைவுக்குப் பின் செம்பதிப்பு வருவது இலக்கிய வாசகர்களுக்குப் பழகிய காட்சிதான். போர்ட் எல்லன் நல்ல விஸ்கி என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அந்த விலையில் பாதி சுவைக்கானது என்றால், மறுபாதி மரணத்துக்கானது. 2024 மார்ச்சில் அந்த வடிசாலை மீண்டும் திறக்கப்பட்டுவிட்டது. சட்டப்படி அங்கு வடிவது ஸ்காட்ச் விஸ்கி என்று பெயர் பெறவே ஓக் பீப்பாயில் மூன்று ஆண்டுகள் கிடக்கவேண்டும். பழைய புட்டிகளை வைத்திருப்பவர்கள் இந்த உயிர்த்தெழுதலை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று பார்க்க ஆவலாக இருக்கிறது.

திறக்காமல் வைப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. உள்ளே இருப்பது என்ன என்றே யாருக்கும் தெரியாது. 2017இல் சுவிட்சர்லாந்து விடுதி ஒன்றில் சீன எழுத்தாளர் ஒருவர், 1878ஆம் ஆண்டு மெக்காலன் என்று சொல்லப்பட்ட விஸ்கியில் ஒரே ஒரு குவளைக்குக் கிட்டத்தட்ட பத்தாயிரம் பிராங்க் கொடுத்தார். ஆய்வு செய்தபோது அது 1970களின் தொடக்கத்தில் வடிக்கப்பட்டது என்று தெரிந்தது. விடுதி பணத்தைத் திருப்பித் தந்தது. மறு ஆண்டு ஸ்காட்லாந்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் 55 அரிய புட்டிகளைக் கரிமக் காலக்கணிப்புக்கு உட்படுத்தினார்கள். 21 புட்டிகள் போலி, அல்லது குறிப்பிட்ட ஆண்டில் வடிக்கப்படாதவை. ஐம்பது, அறுபதுகளின் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கதிரியக்கக் கரிமம் பார்லியில் ஏறி விஸ்கிக்குள் வந்துவிடுகிறது. அந்தத் தடயத்தை எந்த முகப்புச்சீட்டாலும் மறைக்க முடியாது. அந்தச் சீன எழுத்தாளர் குடித்தார், அதனால் உண்மை வெளிவந்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். குடிக்காதிருந்தால் அந்தப் போலி இன்றும் கண்ணாடிப் பேழைக்குள் கௌரவமாக நின்றுகொண்டிருக்கும்.

சேகரிப்பவர்கள் அனைவரையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமல்ல. பிரேசிலைச் சேர்ந்த கிளைவ் விதிஸ் பல ஆண்டுகளாகச் சேர்த்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட புட்டிகள் இன்று எடின்பரோவில் பொதுமக்கள் பார்வைக்கு இருக்கின்றன. அது அருங்காட்சியகம், குறைந்தபட்சம் கண்ணுக்காவது கிடைக்கிறது. நம் மதிப்பில் அதனினும் உயர்ந்தவர் பிரான்சின் அல்சாஸ் பகுதியில் வாழும் செர்ஜ் வாலன்டின். 2002 முதல் ஆயிரக்கணக்கான விஸ்கிகளைச் சுவைத்து, இலவசமாக எழுதிவருகிறார். மூடப்பட்ட வடிசாலைகள், ஐம்பது ஆண்டுக்கு முந்தைய புட்டிகள், எல்லாவற்றையும் திறக்கிறார். அவரும் மதிப்பெண் இடுகிறார்தான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு பத்தி இருக்கிறது, அதில் மணமும் கிண்டலும் பிடிவாதமும் இருக்கின்றன. எண்ணை அழித்துவிட்டாலும் அந்தப் பத்தி நிற்கும்.

எங்களிடமும் ஒரு புட்டி பல ஆண்டுகளாகத் திறக்கப்படாமல் இருந்தது. நண்பர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து, நல்ல நாள் வரட்டும் என்று எடுத்துவைத்தது. நல்ல நாள் வருவதற்குள் அவர் போய்விட்டார். அவருடைய முதலாம் ஆண்டு நினைவு நாளில் திறந்தோம். தக்கை நைந்து பாதியிலேயே உடைந்து உள்ளே விழுந்தது, தேநீர் வடிகட்டியில் வடித்துத்தான் ஊற்ற முடிந்தது. யாரும் மதிப்பெண் இடவில்லை. புட்டியில் இன்னும் நான்கு விரற்கடை மிச்சமிருக்கிறது. காற்றுப் பட்டால் சுவை மங்கும் என்பதால் அடுத்த சந்திப்புக்குள் அதையும் முடித்துவிட வேண்டும்.